அவள் கையில் என் நம்பர்

என் மனைவியின் வலது முன்கையில் என்னுடைய செல்போன் நம்பரைப் பச்சை குத்த வைத்தவன் நான்தான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். இந்த வயதில் இவ்வளவு காதலா என்பார்கள். காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, அவளுக்கு மறதி நோய், வெளியே போனால் திரும்பி வர வழி தெரியாது, அதற்காக என்று விளக்கம் கொடுப்பேன். சிரித்தவர்களுக்கு உடனே தர்மசங்கடமாகிவிடும். ஆகட்டும், எனக்கென்ன.

நான் ஆயில் இன்ஜின் மெக்கானிக். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை எங்கள் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்து கிடந்தால் அதை வயலுக்கு ஏற்ற இன்ஜின் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்கினால் இறைத்து வெளியே தள்ளவும் அதே இன்ஜின் வேண்டும். இரண்டு சமயத்திலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஜின் மக்கர் செய்தால் மனிதர்களுக்குப் பொறுமை இருக்காது, ராத்திரி பகல் பார்க்காமல் வாசலில் வந்து என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் என் பெயரை ஒரு முறையாவது கூப்பிடாத ஆள் கிடையாது. கூப்பிடாதவள் என் மனைவி ஒருத்திதான்.

புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அவள் வயதுப் பெண்களின் வழக்கம். என்னை அவள் 'இந்தாங்க' என்பாள், 'ஏங்க' என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது 'எங்க வீட்ல' அல்லது 'மெக்கானிக்கு'. கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால் என் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு மகளை முன்னால் தள்ளுவாள். பெயரை மகள் சொல்லும். எனக்கு வைத்திருப்பது ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமி ஊர்வலம் வந்தாலும் 'அந்தச் சாமி வருது' என்றுதான் சொல்லுவாள், சாமியே கோபித்துக்கொண்டாலும் சரி. நான் இதைச் செய் என்று சொன்னதுமில்லை, விடு என்று சொன்னதுமில்லை. ஊரில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்களிடம் இருந்த மாட்டை விற்று வெகுகாலம் ஆகிறது. ஒரு நாள் அதற்குக் கழுநீர் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் எனக்குத் தெரிந்த ஆரம்பம். பழைய விஷயங்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. காலையில் சாப்பிட்டதுதான் மதியம் இருக்காது.

ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அவளாகவே பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டி போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கடை ஓரமாக வெகுநேரம் நின்றிருக்கிறாள். பூக்காரம்மா விசாரித்திருக்கிறார். தன் பெயரைச் சொன்னாள். ஊர் கேட்டதற்குப் பிறந்த ஊரைச் சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றதும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாளாம். அங்கே கூடியவர்கள், பாவம் அதுவும் மறந்துபோச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறக்கவெல்லாம் இல்லை. சொல்லக்கூடாது என்பதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரொம்ப வற்புறுத்தியதும் 'மெக்கானிக்கு' என்றிருக்கிறாள். திருத்துறைப்பூண்டியில் மெக்கானிக்குக்கா பஞ்சம்? நல்ல மனிதர்கள்தான், ஆட்டோ பிடித்து அவளை அவள் பிறந்த ஊரிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கே அவள் வீடு இருந்த இடம் இப்போது இறால் குட்டை. பொழுது சாய்கிற நேரத்தில் குட்டைக் கரையில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளை, பூக்காரம்மாவிடம் விசாரித்துப் போய்க் கண்டுபிடித்தேன். அந்தக் குட்டையின் ஆழம் எனக்குத் தெரியும். அதை இறைக்கிற இன்ஜின் நான் பார்த்துக்கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தோம். நம்பர் பொறித்த டாலர் ஒன்று மாட்டினோம். யாரோ குழந்தை அழுகிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். செல்போன் வாங்கிக் கொடுத்தோம். அது அரிசிப் பானைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். ஜாக்கெட்டுக்குள் சீட்டு வைத்தோம், வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது. கழற்ற முடியாத இடத்தில் எழுதினால்தான் உண்டு என்று எனக்குத் தோன்றியது. இன்ஜினில் நம்பர் பிளேட்டை ஆணி அடித்து வைத்தால் எவனாவது கழற்றிவிடுவான், அதனால் கம்பெனிக்காரன் இன்ஜினின் உடம்பான பிளாக்கிலேயே அடித்து வைத்திருப்பான். அந்த மாதிரி.

மகள் பட்டுக்கோட்டையில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தேங்காய் மண்டி. விஷயத்தைப் போனில் சொன்னதும் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள்.

"அம்மா என்ன மாடாப்பா? காதுல வில்லை மாட்டி நம்பர் போடுற மாதிரி பேசுறீங்க."

மாடு தொலைந்தால் கண்டுபிடித்துவிடலாம், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள். அவள் கோபம் நியாயம்தான். அதற்காக என் பயம் நியாயமில்லை என்று ஆகிவிடாது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடாத மாதமாகப் பார்த்துத்தான் தேதி வைத்தேன். தண்ணீர் ஓடினால் அவளை வாய்க்காலில் இறங்காமல் வைத்திருக்க முடியாது, குத்திய கை ஊறிவிடும். பங்குனியில் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பிடுங்கியாகி, ஊர் காய்ந்து கிடந்தது. தஞ்சாவூரில் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கடை. சுவர் முழுக்கச் சிங்கமும் சிவனும் இறக்கையும். குத்துகிற பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது, இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை படம். என் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணுக்கு யாரு இவ்வளவு பச்சை குத்திவிட்டது, பாவம் என்று என்னிடம் சத்தமாகவே கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டது. எனக்கு அதனால் அதைப் பிடித்துப்போனது.

ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அது சிரிப்பை நிறுத்திவிட்டது. நீங்கள் சொல்கிறீர்கள் சரி, அம்மாவுக்குச் சம்மதமா என்று அவங்க வாயால் கேட்க வேண்டும் என்றது. எனக்குச் சுருக்கென்றது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், என் மனைவி நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிவிட்டாள்.

"நான் காணாம போயிடுவேனாம்மா. அதுக்குத்தான். நீ குத்து" என்றாள்.

அவள் தன் நோயைப் பற்றித் தானாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

வயதான தோல் காகிதம் மாதிரி, மை பரவிவிடும், அதனால் எழுத்தைப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் போடுகிறேன் என்றது அந்தப் பெண். சுகர் உண்டா என்று கேட்டது. அது எனக்குத்தான் என்றேன். ஊசி ஓடுகிறபோது என் மனைவி முகத்தைச் சுளிக்கவே இல்லை. இடது கையில் சின்ன வயதில் குத்திய பச்சை ஒன்று அவளுக்கு உண்டு, நாலு புள்ளி வைத்த கோலம். அதை அந்தப் பெண்ணிடம் காட்டி, அந்தக் காலத்துக் குறத்தி கைக்கும் உன் மெஷினுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தியது அந்தப் பெண். மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளைச் சாயங்காலம் எடுத்துவிட வேண்டும். வாசனை இல்லாத சோப்பில் மெதுவாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். இந்தக் களிம்பை இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்குத் தடவ வேண்டும். ஊறவைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. பொருக்குத் தட்டும், அரிக்கும், அப்போது சொறியவோ பிய்க்கவோ கூடாது, அதுவாக உதிர வேண்டும். பொருக்கோடு மையும் வந்துவிடும். எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். களிம்பு விஷயம் எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் அதிகமானாலும் சூடாகும், குறைந்தாலும் சூடாகும், அதை வைத்துத்தானே இத்தனை காலம் சோறு தின்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. காலையிலும் மாலையிலும் அவளை முற்றத்துக் குழாயடியில் உட்காரவைத்துக் கையைக் கழுவி, பழைய மல்லு வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் கொஞ்சம் காயவிட்டு, களிம்பு தடவுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பாள்.

"இது யாரு நம்பருங்க?"

என்னுடையது என்பேன். உங்க நம்பர் எதுக்கு என் கையில என்பாள். முதலில் உள்ளபடி சொன்னேன். காணாமல் போவாய் என்று சொன்னால் அவள் முகம் விழுந்துவிடுகிறது என்று கண்ட பிறகு, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே மறந்துபோகிறது, அதனால் உன் கையில் எழுதி வைத்தேன் என்றேன் ஒரு நாள். அதைக் கேட்டு அவளுக்கு ஏகப் பெருமை. பத்திரமா வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க என்றாள். பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? வந்தவர் எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் என்றார் ஒருவர், வேப்பிலை என்றார் ஒருவர், ஒருவர் திருநீறு போடச் சொன்னார். மஞ்சள் என்று சொல்லாதவர் இல்லை. டெல்டாவில் அரிவாள் பட்டாலும் மஞ்சள்தான், அம்மை இறங்கினாலும் மஞ்சள்தான். நான் வாசலில் நின்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே விரட்டினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

ஒரு காலையில் பார்த்தால் அவள் முன்கை பளபளவென்று மஞ்சள். என்ன இது என்றேன். பச்சை குத்தினா மஞ்சள் பத்துப் போடணும், இல்லன்னா சீழ் பிடிச்சுக்கும், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு என்று என்னைக் கேட்டாள். சின்ன வயதில் கோலம் குத்தியபோது அவள் அம்மா தினமும் மஞ்சள் உரசிப் போட்டிருக்கிறார். அது அட்சரம் பிசகாமல் அவளுக்குள் இருந்தது. தஞ்சாவூர்ப் பெண் சொன்னது அவள் காதுக்குப் போய் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. யாரிடம் போய் நியாயம் கேட்பது? ஞாபகம் இல்லாமல் செய்கிறவளைத் தடுக்கலாம். ஞாபகமாகச் செய்கிறவளை எப்படித் தடுப்பது?

குளிக்கிற இடத்திலிருந்த மஞ்சள், சமையல் மஞ்சள்தூள், சாமி மாடத்து மஞ்சள் எல்லாவற்றையும் கூட்டி எடுத்து என் ஸ்பேனர் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ரசம் வெள்ளையாக வந்தது. பரவாயில்லை, ஆறும்வரைக்கும்தானே என்று குடித்தேன். கை நன்றாகவே ஆறிக்கொண்டிருந்தது. முதல் எண்களில் பொருக்கு தானாக உதிர்ந்து, உள்ளே எழுத்துக் கறுப்பாக, நறுக்குத் தெறித்த மாதிரி தெரிந்தது. அரிப்பு வந்தால் சொறியாமல் உள்ளங்கையால் தட்டிவிட வேண்டும். அவள் தூக்கத்தில் சொறிவாள் என்று பழைய காலுறை ஒன்றை வெட்டிக் கையில் மாட்டிவிட்டேன். கடைசி எண் மட்டும்தான் பாக்கி. அது எட்டு.

அந்த நேரம் பார்த்து ஒரு ஊரில் கோயில் குளத்தைத் தூர்வார இறைத்துக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அம்மாவிடம் இவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். மதியம் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வாசலில் வெயிலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் மடியில் மஞ்சள் சில்லு சில்லாக உதிர்ந்து கிடந்தது. எதிர்வீட்டில் மஞ்சள் கேட்டு வாங்கி, கெட்டியாகப் பத்துப் போட்டு, வெயிலில் காய்ந்து இழுக்க ஆரம்பித்ததும் உரித்தெடுத்திருக்கிறாள். மஞ்சளோடு பொருக்கு வந்துவிட்டது. பொருக்கோடு மை. எட்டின் இடது பக்கம் பிய்ந்து சிவந்திருந்தது.

நான் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். உங்க மஞ்சளை நீங்களே வச்சுக்கிட வேண்டியதுதானே, யாரு கேட்டாலும் தூக்கிக் கொடுத்துடுறதா என்று தெருவே கேட்கக் கத்தினேன். நல்லதுக்குத்தானேண்ணே கொடுத்தேன் என்றது அந்த அம்மா, கண் கலங்கி. என் மனைவி எழுந்து வந்து அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். மஞ்சள் கொடுத்தவங்களைத் திட்டலாமா, வீட்டுக்கு ஆகுமா என்று என்னைத்தான் அதட்டினாள். நான் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

புண் ஆறியது. எட்டு மூன்றாகியிருந்தது. தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு மகள் மூலமாகப் போட்டோ அனுப்பிக் கேட்டோம். திரும்ப ஊசி போடலாம், ஆனால் தோல் அடிவரைக்கும் நன்றாகத் தேற வேண்டும், இரண்டு மாதமாவது பொறுங்கள், அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றது. என் மனைவியின் கையில் இப்போது இருப்பது யாரோ ஒருவருடைய நம்பர். இவள் தொலைந்தால் போன் அவருக்குப் போகும். இதை யோசித்துப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நம்பருக்கு நானே போட்டேன்.

ஒரு ஆள் எடுத்தார். ஐயா, உங்கள் நம்பரும் என் நம்பரும் ஒரே மாதிரி, கடைசியில்தான் மூன்றும் எட்டும். என் மனைவி கையில் பச்சை குத்தியதில் ஒரு பக்கம் அழிந்துவிட்டது. நாளைக்கு யாராவது உங்களுக்குப் போன் செய்து ஒரு பெண்மணி வழி தவறி வந்திருக்கிறார் என்று சொன்னால், மூன்றுக்குப் பதில் எட்டைப் போடச் சொல்லுங்கள் என்றேன். அடுத்து ஓடிபி வரும், அதைச் சொல்லணும், அதானே என்று கேட்டுவிட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லி வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் போகவில்லை. அவர் மேல் தப்பில்லை. எனக்கே யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தோல் கொஞ்சம் தேறியதும், தினமும் காலையில் பால்பாயிண்ட் பேனாவால் அந்த மூன்றை எட்டாக்கிவிடுவேன். குளித்தால் போய்விடும். திரும்பவும் எழுதுவேன். பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

இப்படியிருக்கையில் திருக்கடையூரில் என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரருக்கு, அறுபதாம் கல்யாணம் வந்தது. மகள் காரோடு வந்து எங்களை அழைத்துப் போனாள். கோயிலில் எள் போட்டால் விழ இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி, சுற்றி ஒரு கும்பல், ஒரு வீடியோக்காரர். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நடுங்குகிறவர்கள் ஒரு பக்கம், ஈரம் மாற்றிக்கொண்டு தாலி கட்ட உட்காருகிறவர்கள் ஒரு பக்கம். நுழையும்போது என் மனைவி குழாயில் கைகால் கழுவினாள். மணிக்கட்டில் நீலமாக மை வழிந்ததைப் பார்த்தேன். உள்ளே போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சகலை தாலி கட்டுகிற நேரத்தில் அட்சதைக்காக எல்லோரும் முண்டியடித்தோம். நான் அவள் மகளோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். மகள் என்னோடு இருக்கிறாள் என்று நினைத்தாள். மேளம் அடங்கியதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவள் அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். அந்தக் கோயிலில் அன்றைக்குப் பாதிப் பெண்கள் அரக்கு நிறம்தான். நரைத்த கொண்டை, மூக்குத்தி, மல்லிகைப்பூ, எல்லாம் ஒரே மாதிரி. தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தால் யாரோ. நான் முதலில் குளத்துக்குத்தான் ஓடினேன். குளம் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மகள் பிராகாரத்தைச் சுற்ற, நான் நாலு வீதியையும் சுற்றினேன். கையில் போனைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அடிக்காது என்று எனக்குத் தெரியும். அடிக்க வேண்டியது அந்த ஓடிபிக்காரர் வீட்டில். ஒரு அரை எட்டை எழுதாமல் விட்டேனே என்று என்னை நானே வைதுகொண்டேன். யார் கேட்டாலும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நிற்பாள், மெக்கானிக்கு என்பாள், கொண்டுபோய் அந்தக் குட்டைக் கரையில் விடுவார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வடக்கு வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரை வீதியைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பாட்டு நடுவில் நின்றது. மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல் என் பெயரைச் சொன்னது.

முழுப் பெயர். என் அப்பா வைத்த பெயர், ஓரெழுத்து குறையாமல். இன்ஜினுக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் அதைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவார்கள். முழுப் பெயர் கடைசியாக அச்சில் வந்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில்தான் இருக்கும். அன்னார் எங்கிருந்தாலும் உடனே மண்டபத்துக்கு வரவும், அவருடைய மனைவி இங்கே பத்திரமாக இருக்கிறார் என்றது அந்தக் குரல். திரும்ப ஒரு தடவை சொன்னது. நான் அசையாமல் நின்று இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலை, இலையில் பாயசம். முன்பின் தெரியாத யாருடைய விருந்திலோ வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உபசாரம் செய்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று. பக்கத்து இலைகளை எடுத்த பிறகும் எழுந்திருக்காமல் இருக்கவேதான் சந்தேகம் வந்ததாம். மைக்கில் பேசியவர் பெண்ணுக்குத் தாய்மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் விவரம் சொன்னார்.

"கையில இருந்த நம்பருக்குப் போட்டோங்க. எவனோ எடுத்து, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களாடான்னு திட்டிட்டு வச்சுட்டான். அப்புறம் அம்மாகிட்டயே கேட்டோம், உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மான்னு. முதல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் பட்டுனு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?" என்றேன்.

"அம்மாதாங்க."

திரும்பவும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சத்தியமா அவங்கதாங்க சொன்னாங்க, இல்லன்னா எனக்கு எப்படிங்க தெரியும் என்றார். அதுவும் சரிதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்நிய விருந்தில், ஊறுகாய் வாளியோடு போகிறவர்கள் நடுவில் நின்று அழுதேன். சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாள், அதையும் அவள் வாயால் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, மைக்கில் பேசியவர் வாயால்தான் கேட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது. என்னிடம் வந்து சேர வேறு வழியில்லை என்று தெரிந்து சொன்னாளா, அல்லது சொல்லக்கூடாது என்பதும் அவளை விட்டுப் போய்விட்டதா? முதலாவது என்றால் என் மனைவி இன்னும் உள்ளே இருக்கிறாள். இரண்டாவது என்றால் இன்னும் ஒரு துண்டு போய்விட்டது. அந்த மாமாவிடம் இதைக் கேட்க முடியுமா? கும்பிட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

காரில் மகள் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். நானும் என் மனைவியும் பின்னால். கார் காரைக்கால் தாண்டியது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையைக் காட்டு என்றேன். காட்டினாள். மடியில் அவள் கையை வைத்துக்கொண்டு, கார் குலுங்காத நேரமாகப் பார்த்து, மூன்றின் பக்கத்தில் மேல் வளைவைப் போட்டேன். போட்டுக்கொண்டே கேட்டேன்.

"என் பேரைச் சொன்னியாமே?"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. டிரைவருக்குக் கேட்டுவிட்டதா என்று முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"யாரு சொன்னா உங்ககிட்ட? நான் எதுக்குங்க உங்க பேரைச் சொல்றேன்?"

மகள் திரும்பி, இல்லம்மா, நீதான் என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

"இல்ல, நீ சொல்லல" என்றேன்.

"அதானே" என்றாள். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளாகவே கையை என் மடியில் வைத்தாள். கீழ் வளைவு பாக்கி இருந்தது. அதையும் எழுதி முடித்தேன்.